ஸ்டால் போடுவதற்கு முன்னும் பின்னும்: வர்த்தகக் கண்காட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்காட்சிகளில் பங்கேற்கும் நிறுவனங்களுக்குத் திட்டமிட்டுக் கொடுப்பது என் தொழில். முதன்முறை வருகிறவர்களும் பல ஆண்டுகளாக வருகிறவர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வரும், வில்லங்கமானவை பின்னால் வரும்.

வர்த்தகக் கண்காட்சியும் பொதுமக்கள் வரும் பொருட்காட்சியும் ஒன்றுதானே?

இல்லை. பொருட்காட்சிக்கு வருபவர் பார்த்து, பிடித்தால் அங்கேயே வாங்கிக்கொண்டு போவார். வர்த்தகக் கண்காட்சிக்கு வருபவர் அதே துறையில் இருப்பவர்; கொள்முதல் மேலாளர், ஆலை உரிமையாளர், விநியோகஸ்தர் போன்றவர். அவர் வாங்கப்போவது ஒரு பெட்டி அல்ல, ஓராண்டுக்கான சரக்கு. ஆகவே முடிவும் அன்றே வராது.

பழைய சந்தைகளுக்கு வணிகர்கள் சரக்கையே மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். ரயிலும் ஆலை உற்பத்தியும் வந்தபின் எல்லாப் பெட்டியிலும் ஒரே தரத்தில் பொருள் கிடைத்தது. மாதிரியைக் காட்டி ஆர்டர் வாங்கினால் போதும் என்ற நிலை உண்டானது. ஜெர்மனியின் லைப்சிக் நகரச் சந்தை 1895-இல் மாதிரிகளின் கண்காட்சியாக மாறியது. இன்றைய வர்த்தகக் கண்காட்சிகளுக்கு அதுவே முன்னோடி. நீங்கள் கொண்டுபோவது சரக்கு அல்ல, பேச்சைத் தொடங்கிவைக்கும் ஒரு மாதிரி. இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற பதில்கள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

எங்களுக்கு எந்தக் கண்காட்சி சரிப்படும்?

பார்வையாளர் எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். ஏற்பாட்டாளரிடம் மூன்றைக் கேளுங்கள். அந்த எண்ணிக்கையை வெளியார் யாராவது தணிக்கை செய்தார்களா? ஒருவரே மூன்று நாளும் வந்தால் ஒன்றாக எண்ணுகிறார்களா, மூன்றாகவா? வந்தவர்கள் எந்தப் பதவியில், எந்தத் துறையில் இருப்பவர்கள்? 1925-இல் மிலான் நகரில் தொடங்கப்பட்ட உலகக் கண்காட்சித் துறைச் சங்கமான யு.எஃப்.ஐ. தன் அங்கீகாரம் பெற்ற கண்காட்சிகளின் எண்ணிக்கையைத் தணிக்கைக்கு உட்படுத்தச் சொல்கிறது. அந்த அங்கீகாரம் இல்லாத நல்ல கண்காட்சிகளும் உண்டு. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவுகிற ஏற்பாட்டாளரை நான் நம்புவதில்லை.

பிறகு, சென்ற முறை உங்கள் அளவிலேயே சிறிய ஸ்டால் போட்ட இரண்டு மூன்று பேருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். பெரிய நிறுவனங்களின் அனுபவம் உங்களுக்கு உதவாது. ஓராண்டு பொறுக்க முடியுமானால் முதலில் பார்வையாளராகப் போய் வருவது இன்னும் நல்லது. இரண்டாம் நாள் பிற்பகலில் எந்த வரிசையில் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று ஒரு சுற்று பார்த்தால், எந்த விளம்பரப் புத்தகமும் சொல்லாதது தெரியும்.

எவ்வளவு நாள் முன்னால் வேலையைத் தொடங்க வேண்டும்?

பெரிய கண்காட்சி என்றால் ஓராண்டு. சிறியது என்றால் ஆறு மாதம். நல்ல இடங்கள் முந்திக்கொள்பவர்களுக்குத்தான் கிடைக்கும். இடம் உறுதியானதும் ஏற்பாட்டாளர் பங்கேற்பாளர் கையேடு ஒன்றை அனுப்புவார். மின் இணைப்பு, இணையம், தளபாடங்கள், பெயர்ப்பலகை எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனிக் கடைசித் தேதி உண்டு. தேதி தாண்டினால் அதே பொருளுக்குக் கூடுதல் கட்டணம். கையேட்டைப் பிரித்த அன்றே அந்தத் தேதிகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

இட வாடகை மட்டும்தான் தெரிகிறது. மொத்தச் செலவை எப்படிக் கணக்கிடுவது?

துறையில் பழகிப்போன கணக்கு ஒன்று உண்டு: இட வாடகை மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு. வாடகையை மூன்றால் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகை கையில் இல்லையென்றால் இடத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது இந்த ஆண்டை விட்டுவிடுங்கள். பெரிய இடத்தை எடுத்துவிட்டு உள்ளே வைப்பதற்குப் பணமில்லாமல் நிற்பது பரிதாபமான காட்சி.

மறந்துபோகும் செலவுகள் பெரும்பாலும் இவை: மின் இணைப்பு, தரைவிரிப்பு, தினசரித் துப்புரவு, சரக்கை அரங்க வாசலிலிருந்து உங்கள் இடத்துக்கு நகர்த்தும் கூலி, திரும்ப அனுப்பும் செலவு. அமெரிக்காவில் இந்த உள்நகர்த்தலுக்கு எடைக்கு இவ்வளவு என்று தனியாக வசூலிப்பார்கள். பல அரங்குகளில் இரவில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். குளிர்பதனப் பெட்டி வைப்பவர்கள் 24 மணி நேர இணைப்பு வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் காலையில் வந்து மாதிரிகளைக் கொட்ட வேண்டியதுதான்.

எத்தனை சதுர மீட்டர் எடுக்க வேண்டும்?

எத்தனை பேரோடு பேச வேண்டும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். மூன்று நாள், நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் 21 மணி நேரம். ஓர் ஊழியர் மணிக்கு நான்கு பேரோடு உருப்படியாகப் பேச முடியும். இரண்டு ஊழியர் என்றால் 168 பேச்சுகள். ஆனால் கூட்டம் சீராக வருவதில்லை. காலையில் முதல் ஒரு மணி நேரமும் கடைசி நாள் பிற்பகலும் காற்று வாங்கும். பாதியாகக் குறைத்து 80 என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

ஓர் ஊழியரும் அவரோடு பேசுபவரும் நெருக்கியடிக்காமல் நிற்க ஏறக்குறைய 5 சதுர மீட்டர் வெற்றிடம் வேண்டும். வழக்கமான சிறிய ஸ்டால் 3 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 9 சதுர மீட்டர். வட அமெரிக்காவில் 10 அடிக்கு 10 அடி. மேசையும் காட்சிப் பொருளும் மூன்று நான்கு சதுர மீட்டரை விழுங்கிவிடும். மிச்சத்தில் ஒருவர் தாராளமாக நிற்கலாம், இருவர் சமாளிக்கலாம். 300 பேரோடு பேசுவது இலக்கு என்றால் 9 சதுர மீட்டர் எந்த வகையிலும் போதாது. இருவருக்கான இடத்தில் ஐந்து ஊழியர்களை நிறுத்தினால் அவர்களே சுவராகிவிடுவார்கள். வருகிறவர் அப்படியே அடுத்த ஸ்டாலுக்கு நடந்துவிடுவார்.

மூலை ஸ்டாலுக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்கலாம். வரிசையின் நடுவில் உள்ள ஸ்டாலுக்கு ஒரு பக்கம்தான் திறப்பு. மூலைக்கு இரண்டு, வரிசையின் முனைக்கு மூன்று, தீவு ஸ்டாலுக்கு நான்கு. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவதில் கிடைக்கும் பலன், மற்ற தாவல்களில் கொடுக்கும் காசுக்குக் கிடைப்பதில்லை என்பது என் கருத்து. வாசலை ஒட்டிய இடம் எல்லாரும் நினைப்பதுபோல் பொன்னான இடமல்ல. உள்ளே நுழைகிறவர் அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டு, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுவார். போட்டி நிறுவனத்தின் அருகே இடம் கிடைத்தால் பயப்பட வேண்டாம். அவர்களைப் பார்க்க வருபவர் உங்களுக்கும் வேண்டியவர்தான்.

கையெழுத்திடும் முன் அரங்க வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கட்டத்துக்குள் சிறிய கறுப்புச் சதுரம் இருக்கிறதா? அது அரங்கின் தூண். அதன் பருமனைக் கேளுங்கள். தூண் அடைக்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான் சில இடங்களில் வாடகை வாங்குகிறார்கள். தீயணைப்புக் குழாய்ப் பெட்டி இருந்தால் அதன் முன்னால் எதையும் வைக்க முடியாது.

கட்டிக்கொடுக்கும் ஸ்டாலா, வெறும் தரையா?

முதல் தடவை என்றால் கட்டிக்கொடுப்பதையே எடுங்கள். அலுமினியத் தூண், வெள்ளைப் பலகை, பெயர்ப்பட்டி, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சில விளக்குகள், ஒரு மின் செருகி என்று பொதுவாகக் கிடைக்கும். வெறும் தரை எடுத்தால் கட்டுவதும் பிரிப்பதும் அனுமதி வாங்குவதும் உங்கள் பாடு. துணிகளுக்குத் தீப்பிடிக்காத் தன்மைச் சான்றிதழ்கூடக் கேட்பார்கள்.

கட்டிக்கொடுக்கும் ஸ்டாலில் ஆணி அடிக்கவோ துளையிடவோ கூடாது. பலகை ஒரு மீட்டர் என்று சொன்னாலும் தூண்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியும் அகலம் சில சென்டிமீட்டர் குறைவாக இருக்கும். அதைக் கேட்காமல் சரியாக ஒரு மீட்டரில் அச்சடித்துக்கொண்டு வருபவர்கள், கண்காட்சிக்கு முதல்நாள் இரவு கத்தரிக்கோலோடு முட்டி போட்டு உட்கார்ந்திருப்பதை ஒவ்வொரு கண்காட்சியிலும் பார்க்கலாம்.

பேனரில் என்ன எழுதினால் ஆட்கள் நிற்பார்கள்?

நடந்துபோகிறவர் உங்கள் ஸ்டாலைக் கடக்க மூன்று நான்கு விநாடி ஆகும். அதற்குள் அவருக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும்: இது எனக்கானதா, இல்லையா? "தரத்தின் மறுபெயர்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. "மணிக்கு 1,200 பாட்டில் நிரப்பும் எந்திரம், இருவர் போதும்" என்று எழுதினால் பாட்டில் நிரப்புகிறவர் நிற்பார், மற்றவர் போய்விடுவார். மற்றவர் போய்விடுவதும் உங்களுக்கு லாபமே. நிறுவனத்தின் பெயர் ஊரறிந்ததாக இருந்தாலொழிய அதைவிட இந்த வரி பெரிதாக இருக்கட்டும். பெயரை மேலே போட வேண்டும் என்று முதலாளி பிடிவாதம் பிடிப்பார். அது தனிப் போராட்டம்.

எழுத்தின் அளவுக்கு ஒரு கைக்கணக்கு: மூன்று மீட்டர் தொலைவிலிருந்து சிரமமின்றிப் படிக்க 25 மில்லிமீட்டர் உயரம். ஆறு மீட்டர் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. முக்கியமான எதையும் இடுப்புக்குக் கீழே எழுதாதீர்கள். கூட்டம் கூடியதும், அதாவது தேவைப்படும் நேரத்தில், அது மறைந்துவிடும். தொலைபேசி எண், கிளை முகவரிகள், சான்றிதழ் முத்திரைகளின் அணிவகுப்பு ஆகியவை துண்டறிக்கைக்குப் போகட்டும். நீங்களே எதிரில் நிற்கும்போது தொலைபேசி எண்ணைப் பார்த்து யார் அழைக்கப்போகிறார்கள்?

ஸ்டாலில் யாரை நிறுத்துவது? விற்பனைப் பிரிவு ஆட்கள் போதாதா?

ஒருவராவது பொருளைக் கழற்றி மாட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். வருகிறவர்களும் துறைக்காரர்கள் என்பதால் மூன்றாவது கேள்வியிலேயே விற்பனையாளரின் சரக்கு தீர்ந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். தேய்ந்த சிரிப்பு தூரத்திலிருந்தே தெரியும்.

"உதவி வேண்டுமா?" என்று தொடங்க வேண்டாம், "சும்மா பார்க்கிறேன்" என்ற பதில் தயாராக இருக்கிறது. "உங்கள் ஆலையில் இப்போது இந்த வேலையை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் பேசத் தொடங்குவார். நீங்கள் கேட்டுக்கொண்டால் போதும், ஒரு நிமிடத்தில் அவர் வாங்கக்கூடியவரா என்பது தெரிந்துவிடும். வாங்கக்கூடியவர் இல்லையென்றால் மரியாதையாக நன்றி சொல்லி அனுப்பவும் பழக வேண்டும். மேலே போட்ட 80 பேச்சுக் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு.

கூட்டத்தை வரவழைப்பது ஏற்பாட்டாளரின் வேலைதானே?

அரங்கம் வரை அழைத்து வருவது அவர் வேலை. உங்கள் ஸ்டாலுக்கு வரவழைப்பது உங்கள் வேலை. நீங்கள் சந்திக்க விரும்பும் ஐம்பது பேரின் பெயரை எழுதி, ஆறு வாரம் முன்பே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். "அவசியம் வருகை தாருங்கள்" என்று மட்டும் எழுதாமல், "இரண்டாம் நாள் 11 மணிக்கு வந்தால் எந்திரத்தை உங்கள் பொருளை வைத்தே ஓட்டிக் காட்டுகிறோம்" என்று எழுதுங்கள். ஒரு வாரம் முன்னால் நினைவூட்டுங்கள். நேரம் குறித்துக்கொண்டவர்களில் சிலர் வராமல் போவார்கள்தான். ஆனாலும் காலையின் காலி மணி நேரங்கள் நிரம்பும்.

பேனா, பை, சாக்லேட் கொடுத்தால் கூட்டம் வருமா?

வரும். பேனாவுக்கும் பைக்கும் சாக்லேட்டுக்கும் வரும்.

மூன்று நாளில் கட்டுக்கட்டாக விசிட்டிங் கார்டு சேர்ந்துவிட்டது. இனி என்ன செய்வது?

கண்காட்சி முடிந்தபின் இந்தக் கேள்வி வந்தால் பாதி வாய்ப்பு போய்விட்டது என்று பொருள். அட்டையில் பெயரும் பதவியும்தான் இருக்கும். அவருக்கு என்ன வேண்டும், எப்போது வேண்டும், இப்போது யாரிடம் வாங்குகிறார், நாம் என்ன அனுப்புவதாகச் சொன்னோம் ஆகிய நான்கையும் அவர் முதுகைத் திருப்பிய மறு நிமிடமே எழுதிவிட வேண்டும். அதற்கென்று ஒரு பக்கத் தாள் அச்சடித்து, அதிலேயே அட்டையைப் பின் அடித்து வையுங்கள். அடையாள அட்டையை வருடிப் பதியும் செயலி இருந்தாலும் குறிப்பு எழுதும் பகுதியைக் காலியாக விடாதீர்கள். மாலையில் ஸ்டாலை மூடும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து அன்றைய தாள்களை, வாங்கும் வாய்ப்பின் வரிசையில், அ, ஆ, இ என்று பிரியுங்கள். 'அ' என்றால் இந்த வாரமே தொலைபேசி.

பின்தொடர் கடிதங்களின் வரைவு, கண்காட்சிக்குப் புறப்படும் முன்பே தயாராக இருக்க வேண்டும். திரும்பி வந்ததும் மேசையில் தேங்கிய வேலை உங்களை இழுத்துக்கொள்ளும். வரைவு இருந்தால் அவரவர் தாளில் உள்ள ஒரு வரியைச் சேர்த்து அனுப்பிவிடலாம். இரண்டு வாரம் கழித்து வரும் கடிதத்தைப் பார்த்து அவர் "இவர் யார்?" என்று யோசிப்பார். இன்னொன்று: அட்டை கொடுத்தவர் உங்கள் மாதாந்திர விளம்பர மடலுக்கும் சம்மதித்துவிட்டார் என்று கொள்ள முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுச் சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. மடலுக்கான சம்மதத்தை அதே தாளில் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டுக் கண்காட்சிக்கு எந்திரத்தை அனுப்பினால் அங்கே சுங்க வரி கட்ட வேண்டுமா?

திரும்பக் கொண்டுவரப் போகிற பொருளை வரி கட்டாமல் கொண்டுபோக ஏ.டி.ஏ. கார்னே என்ற ஆவணம் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி வந்த ஏற்பாடு இது. ஏறக்குறைய 80 நாடுகளில் செல்லும். ஓராண்டு வரை செல்லுபடியாகும். வணிகச் சபைகள் பிணைத்தொகை பெற்றுக்கொண்டு வழங்குகின்றன. எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் சுங்க முத்திரை விழுந்ததா என்று நின்று பார்த்து வாங்குங்கள். ஒரு முத்திரை விடுபட்டால் பொருள் அந்த நாட்டிலேயே தங்கிவிட்டது என்று கருதி வரி கேட்பார்கள். துண்டறிக்கை, இலவசப் பொருள், தின்பண்டம் போன்று அங்கேயே தீர்ந்துபோகிறவை கார்னேயில் சேராது.

மரப்பெட்டியும் சிக்கல் செய்யும். பூச்சிகள் நாடு விட்டு நாடு பரவாமலிருக்க ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதி உள்ளது. மரத்தை அறுத்துச் செய்த பெட்டி என்றால், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும், அல்லது விதி ஏற்கும் வேறு முறையில் பதப்படுத்தியிருக்க வேண்டும். கோதுமைக் கதிர் பொறித்த முத்திரை பெட்டியில் இருக்கும். ஒட்டுப்பலகைக்கு இந்த விதி இல்லை. ஆகவே பலர் ஒட்டுப்பலகைப் பெட்டி செய்துவிட்டு, அடியில் தாங்குகட்டையாகச் சாதாரண மரத்தை அடித்துவிடுகிறார்கள். அந்தக் கட்டைக்கும் முத்திரை வேண்டும்.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறோம். கண்காட்சியில் வைத்தால் காப்புரிமை போய்விடுமா?

போகலாம். முதலில் விண்ணப்பம், பிறகு காட்சி என்பதே என் பதில். இந்தக் கவலை பழையது. 1873 வியன்னா உலகக் கண்காட்சிக்கு வரச் சொன்னபோது, தங்கள் கண்டுபிடிப்பைத் திருடிவிடுவார்கள் என்று அஞ்சி வெளிநாட்டார் பலர் தயங்கினார்கள். அந்தப் பிரச்சினையைத் தொடர்ந்து நடந்த பேச்சுகளே 1883 பாரிஸ் உடன்படிக்கையில் போய் முடிந்தன. கண்காட்சிப் பொருள்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு தர வேண்டும் என்று அதன் 11-ஆம் பிரிவு சொல்கிறது.

ஆனால் அது அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பன்னாட்டுக் கண்காட்சிகளுக்கு மட்டும். நீங்கள் போகும் துறைக் கண்காட்சி அதில் அடங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில், கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பியக் காப்புரிமையில் அந்தத் தாராளம் இல்லை. விண்ணப்பத்துக்கு முன் பொதுவெளியில் காட்டியதே உங்களுக்கு எதிராக நிற்கும். கறுப்புத் துணி போட்டு மூடி, கேட்பவருக்கு மட்டும் திறந்து காட்டினாலும், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமல் காட்டினால் அது வெளியீடுதான்.

"பார்வையாளர் பட்டியல் விற்பனைக்கு" என்று மின்னஞ்சல் வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். கண்காட்சியின் பெயரைப் போட்டு, ஆயிரக்கணக்கான முகவரி தருவதாக வரும் இவை பெரும்பாலும் ஏற்பாட்டாளருக்குத் தொடர்பில்லாதவை. பட்டியல் உண்மையாகவே இருந்தாலும், முன்பு சொன்ன சம்மதப் பிரச்சினை எழும். இதன் உடன்பிறப்புகள் இரண்டு. "உங்கள் விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்" என்று ஒரு படிவம் வரும். அடியில் பொடி எழுத்தில் ஆண்டுக் கட்டணத்தோடு பல ஆண்டு ஒப்பந்தம் ஒளிந்திருக்கும். யு.எஃப்.ஐ.யே பங்கேற்பாளர்களை இதுபற்றி எச்சரித்திருக்கிறது. அடுத்தது, ஏற்பாட்டாளர் பெயரைச் சொல்லி ஹோட்டல் அறைக்கு முன்பணம் கேட்கும் அழைப்பு. எது வந்தாலும் கையேட்டில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

கடைசி நாள் பிற்பகல் காலியாக இருக்கிறது. சீக்கிரம் மூட்டை கட்டிவிடலாமா?

ஒப்பந்தத்தைப் படியுங்கள், பல இடங்களில் அபராதம் உண்டு. அதைவிட, கடைசி இரண்டு மணி நேரத்தில் வருகிறவர் எல்லா ஸ்டால்களையும் பார்த்து முடித்து, இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, விலை பேசத் திரும்பி வருகிறவராக இருக்கலாம். அவர் வரும்போது நீங்கள் ஒட்டுநாடாவைக் கிழித்துக்கொண்டிருக்கக் கூடாது.

லாபமா நட்டமா என்று நிர்வாகம் மறு வாரமே கேட்கிறது. என்ன சொல்வது?

மறு வாரம் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இத்தனை பேரோடு பேசினோம், அதில் 'அ' வகை இத்தனை, ஒரு பேச்சுக்கு ஆன செலவு இவ்வளவு. இட அளவைத் தீர்மானிக்கும்போது போட்ட இலக்கோடு அதை ஒப்பிடலாம். மூன்று மாதம் கழித்து, அவற்றில் எத்தனை விலைப்புள்ளியாக மாறின என்று சொல்லலாம். ஆர்டர் கணக்கு உங்கள் பொருளின் இயல்பைப் பொறுத்தது. எந்திரம் வாங்குகிறவர் முடிவெடுக்க ஓராண்டுகூட எடுப்பார். இந்த மூன்று தேதிகளையும் கண்காட்சிக்குப் போகும் முன்பே நிர்வாகத்திடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அடுத்த முறைக்கான இடத்தை ஏற்பாட்டாளர் இப்போதைய கண்காட்சியிலேயே விற்கத் தொடங்கிவிடுவார், இரண்டாம் நாளே படிவத்தோடு வருவார். லாப நட்டம் தெரியாமல் எப்படிக் கையெழுத்திடுவது? இடத்தை உங்கள் பெயரில் சில வாரம் நிறுத்திவைக்க முடியுமா, முன்பணம் எந்தத் தேதி வரை திருப்பித் தரப்படும் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஓர் இடைவெளி கிடைக்கும். அந்தத் தேதியையும் சுவரில் ஒட்டிய தாளில் எழுதுங்கள்.